பில்லில் முளைத்த 49 ரூபாய்

கேள்வி: விழுப்புரம் பக்கம் குடியிருக்கிறோம். இரண்டு வருடமாக வீட்டில் ஃபைபர் இன்டர்நெட் இணைப்பு இருக்கிறது. "மாதம் 599 ரூபாய், வரி தனி" என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். எட்டு மாதமாக பில்லில் "நெட்வொர்க் பராமரிப்புக் கட்டணம்" என்று 49 ரூபாய் சேர்ந்து வருகிறது. கஸ்டமர் கேரில் கேட்டால் ஒருவர் "அது கவர்ன்மென்ட் டாக்ஸ்" என்கிறார், இன்னொருவர் "நிபந்தனையிலேயே இருக்கு, படிச்சுப் பாருங்க" என்கிறார். இரண்டு முறை தாமதக் கட்டணம் 100 ரூபாய் போட்டார்கள், அதற்கும் ஜி.எஸ்.டி. இணைப்பே வேண்டாம் என்றால், ரவுட்டருக்கு வாங்கிய 1,500 ரூபாய் டெபாசிட் தேய்மானத்துக்குச் சரியாகிவிட்டது என்கிறார்கள். நுகர்வோர் கோர்ட்டுக்குப் போவேன் என்றதற்கு, "டெலிகாம் கேஸ் அங்கே செல்லாதுங்க மேடம்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்கள். ஐந்நூறு ரூபாய்க்கு இவ்வளவு அலைச்சலா என்று கணவர் கேட்கிறார். நான் செய்வது சரிதானா?

பதில்: அன்புள்ள சகோதரி,

நீங்கள் அனுப்பிய எட்டு பில்களையும் மேசையில் வரிசையாகப் பரப்பி வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். ஏப்ரல் மாத பில்லை எடுத்துக்கொள்வோம். முதல் வரியில் மாத வாடகை 599. அடுத்த வரியில் நெட்வொர்க் பராமரிப்பு 49. மூன்றாவதாக, மார்ச் பில்லைத் தாமதமாகக் கட்டியதற்கான கட்டணம் 100. கூட்டினால் 748. அதன் மேல் மத்திய ஜி.எஸ்.டி. 9 சதவீதம் 67.32, மாநில ஜி.எஸ்.டி. 9 சதவீதம் 67.32. ஆக மொத்தம் 882 ரூபாய் 64 காசு. நீங்கள் ஒப்புக்கொண்டது 599-ம் அதற்கான வரியும், அதாவது 706 ரூபாய் 82 காசு.

இதில் "கவர்ன்மென்ட் டாக்ஸ்" என்று சொல்லத் தகுந்தவை கடைசி இரண்டு 67.32 மட்டும்தான். இன்டர்நெட் சேவைக்கு வாடிக்கையாளரிடமிருந்து வசூலித்து அரசுக்குக் கட்ட வேண்டிய வரி 18 சதவீத ஜி.எஸ்.டி. உரிமக் கட்டணம், கம்பம் நட உள்ளாட்சிக்குக் கட்டும் தொகை, கேபிள் பராமரிப்பு, ஆள் கூலி எல்லாம் நிறுவனத்தின் செலவுகள். அந்தச் செலவுகளையெல்லாம் சேர்த்துத்தான் 599 என்று விலை வைத்தார்கள். பில்லில் இன்னொன்றையும் கவனியுங்கள். 599-க்கு எதிரே 9984 என்று தொடங்கும் ஓர் எண் இருக்கிறது. அது தொலைத்தொடர்புச் சேவைக்கான ஜி.எஸ்.டி. குறியீடு. அதே எண்தான் 49-க்கு எதிரேயும் இருக்கிறது. வரித்துறையிடம் "இது என் சேவைக்கான விலை" என்று கணக்குக் காட்டிவிட்டு, போனில் உங்களிடம் "இது அரசு வரி" என்கிறார்கள். விலையைப் பற்றி வாடிக்கையாளரைத் தவறாக நம்பவைப்பது, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நியாயமற்ற வணிக நடைமுறை. அந்தப் போன் உரையாடலின் தேதி, நேரம், பேசியவர் சொன்ன பெயர் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறீர்கள் என்று படித்தேன். மிக நல்ல காரியம் செய்தீர்கள்.

அப்படியானால் 49 ரூபாய் கூட்டவே கூடாதா? கூட்டலாம். இதை நான் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். இன்டர்நெட் கட்டணத்துக்கு, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உச்சவரம்பு எதுவும் வைக்கவில்லை. விலையை நிறுவனங்களே தீர்மானிக்கலாம், ஆனால் அது வெளிப்படையாக இருக்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. "அடுத்த மாதம் முதல் உங்கள் பிளான் 648 ரூபாய்" என்று முன்கூட்டியே ஒரு மெயில் வந்திருந்தால், உங்களுக்கு வழக்கே இல்லை என்று நானே சொல்லியிருப்பேன். பிடித்தால் தொடர்ந்திருப்பீர்கள், பிடிக்காவிட்டால் தெருவில் கேபிள் போட்டிருக்கும் இன்னொருவரிடம் மாறியிருப்பீர்கள். முடிவு உங்கள் கையில் இருந்திருக்கும்.

அந்த வாய்ப்பை உங்களுக்குத் தராமல் இருக்கத்தான் 49-ஐத் தனியாகப் போடும் இந்தத் தந்திரமே. விளம்பரத்திலும் செயலியிலும் 599 அப்படியே நிற்கும். பக்கத்து நிறுவனத்தோடு விலையை ஒப்பிட்டுப் பார்ப்பவர் 599-ஐத்தான் பார்ப்பார். கூடுதல் தொகையோ பணம் கட்டும் கடைசித் திரையில், சின்ன எழுத்தில், மொத்தத்தோடு கலந்து வரும். இப்படி விலையைத் துண்டு துண்டாக அவிழ்ப்பதைத் தடுப்பதற்கென்றே இப்போது விதி வந்திருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், இணையத்தில் வாடிக்கையாளரை ஏமாற்றும் 13 உத்திகளைப் பட்டியலிடுகின்றன. விலையின் ஒரு பகுதியை முதலில் சொல்லாமல் பின்னால் சேர்ப்பதும், கேட்காத ஒன்றைக் கூடையில் நுழைத்துப் பணம் வாங்குவதும் அந்தப் பட்டியலில் உள்ளவை. நீங்கள் செயலியில்தான் பணம் கட்டுகிறீர்கள். அடுத்த முறை கட்டும்போது முதல் திரை முதல் கடைசித் திரை வரை ஒவ்வொன்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். 599 எங்கே இருக்கிறது, 49 எந்தத் திரையில் முதன்முதலாக எட்டிப் பார்க்கிறது என்பதே பாதி வழக்கு.

ஹோட்டல்களில் "சர்வீஸ் சார்ஜ்" போட்ட கதை நினைவிருக்கும். அதைக் கட்டாயமாக வசூலிக்கக் கூடாது என்று 2022 ஜூலையில் இதே ஆணையம் சொன்னது. ஹோட்டல்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் ஆணையத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அதை எதிர்த்து மேல்முறையீடும் போயிருக்கிறது. இன்டர்நெட்டுக்கு அந்தத் தீர்ப்பு நேரடியாகப் பொருந்தாது. ஆனாலும் "வேறு பெயரில் விலை" என்ற அதே கேள்விதான் அங்கேயும் எழுந்தது. உங்கள் மனுவில் அதை ஒரு வரியில் குறிப்பிடலாம்.

அடுத்து "நிபந்தனையில் இருக்கிறது" என்ற பதில். நீங்கள் அனுப்பிய நிபந்தனைத் தாள்களைப் படித்தேன். "நிறுவனம் தன் விருப்பப்படி எந்த நேரமும் எந்தக் கட்டணத்தையும் முன்னறிவிப்பின்றி மாற்றலாம்" என்று ஒரு பத்தி இருப்பது உண்மைதான். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் (நீங்கள் சொல்லும் நுகர்வோர் கோர்ட், முன்பு நுகர்வோர் மன்றம்) இதே மாதிரி ஒரு வழக்கு நடத்தினேன். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் நிபந்தனைத் தாள்களைக் கட்டாகப் பிரின்ட் எடுத்து வந்து கொடுத்தார். ஆணையத் தலைவர் அதைப் புரட்டவே இல்லை. "இதில் இவருடைய கையெழுத்து எங்கே இருக்கிறது? எந்தத் தேதியில் சம்மதித்தார்?" என்று மட்டும் கேட்டார். எதிர்த்தரப்பு அவகாசம் கேட்டது. அடுத்த வாய்தாவுக்குள் பணத்தைத் திருப்பித் தருவதாக நிறுவனத்திலிருந்தே ஆள் வந்தார்.

கையெழுத்தே இருந்தாலும்கூட விஷயம் அதோடு முடிந்துவிடாது. 2019 ஏப்ரலில், பயனியர் அர்பன் லேண்ட் என்ற கட்டுமான நிறுவனத்துக்கும் வீடு வாங்கியவருக்கும் இடையிலான வழக்கில், உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: கம்பெனி அச்சடித்துக் கொடுத்த இடத்தில் கையெழுத்துப் போடுவதைத் தவிர வாங்குபவருக்கு வேறு வழியில்லை என்ற நிலையில் எழுதப்பட்ட ஒருதலைப்பட்சமான நிபந்தனைகள் அவரைக் கட்டுப்படுத்தாது, அத்தகைய நிபந்தனையைச் சேர்ப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை. உங்கள் வழக்குக்கு இதைவிடப் பலமான துணை எனக்குத் தெரிந்து இல்லை.

இங்கே ஒரு நுணுக்கம். 2019 நுகர்வோர் சட்டத்தில் "நியாயமற்ற ஒப்பந்தம்" என்று தனியாக ஒரு வகை இருக்கிறது. வாடிக்கையாளருக்குப் பாதகமான, நியாயத்துக்குப் பொருந்தாத கட்டணத்தைச் சுமத்துவது அதில் வருகிறது. அந்தச் சொல்லைப் பார்த்ததும் மனுவின் தலைப்பிலேயே அதைப் போடத் தோன்றும். போடாதீர்கள். ஒப்பந்தமே நியாயமற்றது என்று அறிவிக்கக் கோரும் புகாரை மாவட்ட ஆணையம் விசாரிக்க முடியாது, சென்னையில் உள்ள மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். 49 ரூபாய்க்காக உங்களைச் சென்னைக்கு அலையவிடக் கூடாது. "சேவைக் குறைபாடு, நியாயமற்ற வணிக நடைமுறை" என்ற இரண்டின் கீழ் எழுதினால் விழுப்புரத்திலேயே முடியும்.

தாமதக் கட்டணத்தில் உங்களோடு முழுவதுமாக உடன்பட முடியவில்லை. குறித்த தேதிக்குள் கட்டாவிட்டால் நியாயமான ஒரு தொகையை வசூலிக்க நிறுவனத்துக்கு உரிமை உண்டு. அதற்கு ஜி.எஸ்.டி. போட்டதும் மோசடி இல்லை. தாமதத்துக்கான வட்டி, அபராதம் எல்லாம் சேவையின் மதிப்பில் சேரும் என்று ஜி.எஸ்.டி. சட்டமே சொல்கிறது. ஜனவரி பில் 1-ஆம் தேதியே உங்கள் மெயிலுக்கு வந்திருக்கிறது. நீங்கள் 19-ஆம் தேதி கட்டியிருக்கிறீர்கள். அந்த 118 ரூபாயை விட்டுவிடுங்கள் என்பதே என் யோசனை. அதையும் சேர்த்துக் கேட்டால், எதிர்த்தரப்பு அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றையும் பலவீனமாக்கும்.

மார்ச் கதை வேறு. பில்லில் 1-ஆம் தேதி என்று அச்சாகியிருக்கிறது. மெயில் வந்ததோ 8-ஆம் தேதி இரவு. கடைசி நாள் 10. நீங்கள் 13-இல் கட்டிவிட்டீர்கள். மூன்று நாள் தாமதத்துக்கு, நீங்கள் ஒப்புக்கொண்ட 706 ரூபாயில் 100 ரூபாய், அதாவது ஏழில் ஒரு பங்கு அபராதம். ஒப்பந்தத்தில் ஒரு தொகை எழுதியிருந்தாலும் நியாயமான இழப்பீடு எவ்வளவோ அவ்வளவுதான் கேட்க முடியும் என்று 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு சொல்கிறது. மேலே சொன்ன கட்டுமான வழக்கில், வீடு வாங்குபவர் தாமதித்தால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி என்று எழுதியிருந்ததையே நீதிமன்றம் ஒருதலைப்பட்சத்துக்கு ஓர் அடையாளமாகப் பார்த்தது. இங்கே மூன்று நாளுக்கு 14 சதவீதம். அந்த மெயில் வந்த தேதியும் நேரமும் தெரியும்படி பிரின்ட் எடுங்கள், ஃபார்வர்டு பண்ணிய நகல் வேண்டாம்.

டெபாசிட் விஷயம் உங்கள் பழைய ரசீதைப் பொறுத்தது. நல்லவேளை, அதைத் தொலைக்கவில்லை. "ரவுட்டர் டெபாசிட், திருப்பித் தரத்தக்கது" என்று பச்சை மையில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார் இணைப்புக் கொடுக்க வந்த பையன். "இன்ஸ்டலேஷன் சார்ஜ்" என்று எழுதியிருந்தால் நான் வேறு மாதிரி பதில் சொல்ல வேண்டியிருக்கும். இரண்டு வருடம் உபயோகித்தால் எந்தக் கருவியும் கொஞ்சம் பழசாகத்தான் செய்யும். அது மாத வாடகையிலேயே அடக்கம். உடைந்திருந்தால், அடாப்டர் காணாமல் போயிருந்தால் மட்டும் பிடித்தம் செய்யலாம். 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த டிராய் சேவைத்தர விதிகளின்படி, இணைப்பை மூடிய 45 நாளுக்குள் டெபாசிட்டைத் திருப்பித் தந்தாக வேண்டும். ரவுட்டரைக் கொடுக்கும்போது விளக்கு எரியும் நிலையில் ஒரு வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் ஒட்டியிருக்கும் சீரியல் எண் அதில் தெரிய வேண்டும். வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்து இல்லாமல் ரவுட்டரைக் கையில் கொடுத்துவிடாதீர்கள். "அண்ணன் வந்து எடுத்துட்டுப் போனாரு" என்பது மட்டும் ஆணையத்தில் போதாது.

இனி, "டெலிகாம் கேஸ் செல்லாது" என்ற பேச்சு. இதைக் கேட்டுப் பின்வாங்கியவர்கள் எத்தனையோ பேர், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இதற்குப் பின்னால் ஒரு பழைய உண்மை இருந்தது. 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தில் 7பி என்றொரு பிரிவு, தொலைபேசித் தகராறுகளை நடுவர் மூலம் தீர்க்க வேண்டும் என்றது. அதை வைத்து 2009-இல், கேரளத்திலிருந்து போன கிருஷ்ணன் என்பவரின் வழக்கில், டெலிபோன் பில் தகராறு நுகர்வோர் மன்றத்துக்கு வராது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு பல மாவட்டங்களில் இப்படிப்பட்ட புகார்களை வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள்.

கதவைத் திறந்தது அகமதாபாத்காரர் ஒருவரின் பில். அஜய்குமார் அகர்வால் என்பவர் சராசரியாக மாதம் 555 ரூபாய் கட்டிவந்த போஸ்ட்பெய்டு வாடிக்கையாளர். 2013 நவம்பர்–டிசம்பரில் ஒரே பில்லில் 24,609 ரூபாய் 51 காசு வந்தது. அவர் நுகர்வோர் மன்றம் போனார். வோடஃபோன் ஐடியா நிறுவனம், விசாரிக்க உங்களுக்கு அதிகாரமில்லை என்று உச்ச நீதிமன்றம் வரை போராடியது. 2022 பிப்ரவரி 16 அன்று, நீதிபதி சந்திரசூட் தலைமையிலான மூன்று நீதிபதிகள் அமர்வு அந்த வாதத்தைத் தள்ளுபடி செய்தது. தந்திச் சட்டத்தின் பழைய வழி இருந்தாலும், நுகர்வோர் மன்றத்துக்குப் போகும் உரிமை வாடிக்கையாளருக்கு உண்டு என்றது. 2019 சட்டத்தில் "சேவை" என்ற சொல்லின் விளக்கத்திலேயே டெலிகாம் என்று எழுதியிருக்கிறது. 1885 சட்டத்துக்குப் பதிலாக 2023-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொலைத்தொடர்புச் சட்டமும், நுகர்வோர் சட்டத்தின் கீழ் தீர்வு தேடும் உரிமையைப் பாதிக்காது என்கிறது. ஆகவே உங்களிடம் போனில் சொல்லப்பட்டது காலாவதியான சட்டம்.

சரி, செய்ய வேண்டியது என்ன? முதலில் கஸ்டமர் கேரில் எழுத்துமூலமாகப் புகார் கொடுத்து டாக்கெட் எண் (புகார் பதிவு எண்) வாங்குங்கள். பதில் திருப்தியில்லை என்றால், 30 நாளுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம். ஒவ்வொரு நிறுவனமும் இப்படி ஒருவரை வைத்திருக்க வேண்டும் என்பது டிராயின் 2012 விதி. கட்டணம் கிடையாது. பலர் நேராக டிராய்க்கே எழுதிவிட்டுக் காத்திருக்கிறார்கள். டிராய் தனிநபர் புகாரை விசாரிப்பதில்லை, நிறுவனத்துக்கு அனுப்பிவைப்பதோடு சரி. கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள். இந்த இரண்டிலேயே கணிசமான புகார்கள் தீர்வதைப் பார்க்கிறேன், உங்களுடையதும் தீரலாம்.

தீராவிட்டால் விழுப்புரம் மாவட்ட ஆணையம். நிறுவனத்தின் தலைமையகம் மும்பையிலோ டெல்லியிலோ இருந்தாலும் பரவாயில்லை, நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம் என்பது 2019 சட்டம் தந்த பெரிய வசதி. சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணமே இல்லை. நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தபடியே பதிவு செய்யலாம். வழக்கறிஞர் கட்டாயமில்லை, நீங்களே பேசலாம். முதல் 49 ரூபாய் வசூலான நாளிலிருந்து இரண்டு வருடம் அவகாசம். எதிர்த்தரப்பாக நிறுவனத்தை மட்டும் போடாமல், உங்கள் தெருவுக்கு இணைப்புக் கொடுத்த உள்ளூர் கேபிள் ஆபரேட்டரையும் சேருங்கள். டெபாசிட்டை வாங்கியது அவர். ஒருவர் மேல் ஒருவர் பழி போட்டு நழுவ இடம் தரக் கூடாது. மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம், நடைமுறையில் ஒரு வருடத்தைத் தாண்டுவதும் உண்டு. அதற்கு மனத்தளவில் தயாராக இருங்கள்.

கேட்க வேண்டிய தொகை: எட்டு மாத 49-ம் வரியும் சேர்த்து 462 ரூபாய் 56 காசு, மார்ச் தாமதக் கட்டணம் வரியோடு 118, இணைப்பை மூடியிருந்தால் டெபாசிட் 1,500. இதற்கு வட்டி, செலவுத் தொகை, மன உளைச்சலுக்கு நியாயமான ஓர் இழப்பீடு. ஐந்து லட்சம், பத்து லட்சம் என்று எழுதாதீர்கள், கேட்பது அளவாக இருந்தால் மனு மேல் மரியாதை வரும்.

அதோடு இன்னொன்றையும் கட்டாயம் கேளுங்கள். இதைக் கேட்பவர்கள் மிகக் குறைவு என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். யார் யார் என்று எளிதில் அடையாளம் காண முடியாத ஏராளமான வாடிக்கையாளர்களுக்கு இழப்பு நேர்ந்திருந்தால், அதற்கென ஒரு தொகையைக் கட்டச் சொல்ல ஆணையத்துக்குச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. அந்தத் தொகை, கொடுத்த சேவையின் மதிப்பில் 25 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. பழைய சட்டத்தில் இது 5 சதவீதமாகத்தான் இருந்தது. இந்த நடைமுறையை அடியோடு நிறுத்தும்படி உத்தரவிடவும் அதே பிரிவில் இடமுண்டு.

உங்கள் கணவரின் கேள்விக்கும் பதில் இதில்தான் இருக்கிறது. உங்கள் வீட்டுக் கணக்கில் அது 49 ரூபாய். ஒரு மாவட்டத்தில் பத்தாயிரம் இணைப்பு என்று வைத்துக்கொண்டால், மாதம் 4 லட்சத்து 90 ஆயிரம் ரூபாய், வருடத்துக்கு 58 லட்சத்து 80 ஆயிரம். 49-க்காக யாரும் படியேற மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் வைக்கப்பட்ட தொகை அது. 490 ரூபாய் கூட்டியிருந்தால் தெருவே சண்டைக்குப் போயிருக்கும். உங்கள் தெருவில் இன்னும் நாலு பேர் இதே பில்லை வைத்திருப்பார்கள். கேட்டுப் பாருங்கள். ஒரே குறை உள்ள பலருக்காக ஒருவர், ஆணையத்தின் அனுமதியோடு, சேர்த்தே புகார் கொடுக்கவும் சட்டத்தில் வழி இருக்கிறது.

கோபத்தில் பில் கட்டுவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் பாக்கிக்காரர் என்ற பெயர் உங்களுக்கு வந்துவிடும், மகளின் ஆன்லைன் வகுப்பும் கெடும். தகராறு இல்லாத தொகையைக் கட்டிவிட்டு, "நெட்வொர்க் பராமரிப்புக் கட்டணம் 49-க்கு நான் சம்மதிக்கவில்லை, எந்தத் தேதியில் எனக்கு அறிவித்தீர்கள் என்று ஆதாரத்துடன் தெரிவிக்கவும்" என்று ஒரு மெயில் போடுங்கள். அதையே பிரின்ட் எடுத்து ஸ்பீட் போஸ்ட்டிலும் அனுப்புங்கள். செயலி முழுத் தொகைக்குக் குறைவாக வாங்க மறுத்தால், முழுசாகவே கட்டிவிட்டு, ஆட்சேபத்துடன் கட்டுகிறேன் என்று அதே மெயிலில் சேர்த்துவிடுங்கள். புகார் நடக்கும்போது இணைப்பைத் துண்டிப்பதாக மிரட்டினால், இடைக்கால உத்தரவு கேட்கலாம்.

அடுத்த பில்லுக்குக் கடைசி நாள் 10-ஆம் தேதி என்று எழுதியிருக்கிறீர்கள். மெயில் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடட்டும். டாக்கெட் எண் வந்ததும் எனக்கு எழுதுங்கள், மேல்முறையீட்டுக் கடிதத்தைச் சேர்ந்தே தயார் செய்வோம்.